ஒரு அங்குலம்

ஷட்டில் ஆடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. அறுந்தது கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு இணைக்கும் அகில்லிஸ் தசைநாண்.

ஆபரேஷன் ஆனது, தையலும் ஆறியது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கட்டைப் பிரித்தபோதுதான் பார்த்தேன், கெண்டைக்கால் குச்சியாக இளைத்திருந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை.

"ஒத்தைக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்குங்க தம்பி" என்றார் பிசியோதெரபி அக்கா. கால் கேட்கவே இல்லை.

அன்றிலிருந்து இதே வேலைதான். முதலில் உட்கார்ந்து தூக்குவது. பிறகு இரண்டு காலில் நின்று. பிறகு இரண்டு காலில் ஏறி, ஒற்றைக் காலில் மெதுவாக இறங்குவது. முழங்காலை நீட்டினால் மேல் சதைக்கு அதிக வேலை. மடக்கினால் அடியிலுள்ள சோலியஸ் தசைக்கு. ஆரம்பத்தில் அவசரப்பட்டு நாணை இழுக்கவும் கூடாது. அது நீண்டு ஆறிவிட்டால் குதிகால் முழு உயரம் எழும்பாது.

கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட்டுக்கு 2013 ஏப்ரலில் இதே நாண் அறுந்தது. டிசம்பரில் மறுபடி ஆடினார். எனக்கோ ஏழாம் மாதம்தான் குதிகால் தனியாக எழும்பியது. ஒரே ஒரு அங்குலம்! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இன்னொரு தடவை தூக்குடா" என்றாள்.

முடியவில்லை. நாளைக்குப் பார்க்கலாம். அதுவரை ஷட்டில் மட்டை பரண்மேல்தான்.