மரை வெட்டும் கை

சற்றே பிறழ்ந்தவனை “மரை கழன்றவன்” என்று எள்ளுவது நம்மவர் வழக்கம். அம்மரை பிறக்கும் அருமையை நாம் அறிந்தது, புசா அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிலும் எம் மகன் வாயிலாகத்தான்.

கடைசல் எந்திரத்தில் எளிதாக அமைவது, கையால் இயக்கும் மில்லிங் எந்திரத்தில் கணக்கைக் கேட்கிறது. மேசையை நகர்த்தும் திருகின் இடைவெளி 5 மில்லிமீட்டர். டிவைடிங் ஹெட்டின் விகிதம் 40க்கு 1 எனக் கொள்வோம். சமமான பற்சக்கரங்களால் வழக்கம்போல் இணைத்தால், கம்பி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் மேசை 200 மில்லிமீட்டர் ஓடிவிடும். அது மரையாகாது. ஆதலின் உள்ளிருக்கும் புழுச்சக்கரத்தை விலக்கி, ஹெட்டின் தண்டையே மேசைத் திருகுடன் நேரே பிணைக்கின்றனர். இப்போது சுற்றுக்கு 5 மில்லிமீட்டர்தான். வெட்டியையும் மரையின் சாய்வுக்கேற்பத் திருப்பி வைத்தல் வேண்டும்.

விட்டமும் இடைவெளியும் 60 பாகைக் கோணமும் ஒத்திருப்பின், தில்லியில் வெட்டிய ஆணி கோவையில் எவரோ கடைந்த நட்டிலும் பொருந்தும். நாம் கோப்பில் எழுதும் குறிப்போ, அடுத்த மேசையிலேயே பொருந்துவதில்லை!

“பட்டறை வேலையா? எழுத்தர் தேர்வு எழுதச் சொல்லுங்கள்” என்று கரோல்பாக் அன்பர்கள் எமக்காக இரங்குகின்றனர். அவன் எழுதப்போவதில்லை; யாமும் வற்புறுத்தப்போவதில்லை.