புள்ளியும் கொம்பும்

கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது எங்கள் திருமானூர். இவ்வொன்றியத்தைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில்தான் வீரமாமுனிவர் தங்கித் தமிழ்ப்பணி ஆற்றினார். அவர் பெயரைக் கேட்டதும் பலருக்குத் தேம்பாவணி நினைவுக்கு வரும். எனக்கோ அவ்வூர்ப் பெயர்ப்பலகையின் முதலெழுத்து நினைவுக்கு வரும்.

முற்காலத்தில் எகர, ஒகரக் குறில்களின்மேல் புள்ளி இடுவது மரபு. புள்ளி இல்லையேல் நெடில். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ஆதலால் ஏடெழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். எரியா, ஏரியா என்பதைப் படிப்பவரே இடம்நோக்கி உணர வேண்டியதாயிற்று. செய்யுளில் ஓசை கைகொடுக்கும். உரைநடையில் யார் துணை? முனிவர் புள்ளியை நீக்கி, நெடிலுக்குத் தனிவடிவம் தந்தார். எகரத்தின்கீழ் ஒரு கோடு. ஒகரத்தின்கீழ் ஒரு சுழி. உயிர்மெய் நெடிலுக்கு இரட்டைக்கொம்பு. இத்தாலியில் பிறந்து தமிழை முயன்று கற்றவர் அவர். அதனால்தான் இக்குறை அவர் கண்ணை உறுத்தியது என்று எண்ணுகிறேன். பழகிய கண் குறையைக் காண்பதில்லை.

அச்சுக்கூடத்தில் இடர் வேறுவகையானது. ஓலையில் வளைவு எளிது. ஈய அச்சிலோ ஒவ்வொரு புது வடிவத்திற்கும் ஒரு தனி வார்ப்பு வேண்டும். சொல்லில் நிற்கும் இடத்திற்கேற்ப வடிவம் மாறும் அரபு எழுத்தை வார்த்தோர் இதனினும் மிகுதியாக இடர்ப்பட்டனர். தமிழில் ணை, லை, ளை, னை ஆகியவை அன்று யானைத் துதிக்கைபோல் வளைந்த தனி வடிவங்கள். ணா, றா, னா முதலியனவும் அவ்வாறே. பெரியார் 1935இல் குடிஅரசு இதழில் இவற்றைச் சீர்ப்படுத்தி அச்சிட்டார். தமிழ்நாடு அரசு 1978இல் அவற்றுள் 13 எழுத்துகளின் மாற்றத்தை ஏற்றது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு மாணவன். துதிக்கையோடு எழுதக் கற்ற லையை மறக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று. என் தந்தையார் மறக்கவே இல்லை. அவர் பெயரில் ணாவும் உண்டு, லையும் உண்டு. “கையெழுத்தை மாற்றினால் வங்கியில் பணம் தரமாட்டார்கள்” என்று நகைப்பார்.

விடுதிக்கு அவர் எனக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் பெட்டியில் உள்ளன. சென்ற பொங்கலன்று என் மகள் ஒன்றை எடுத்து வாய்விட்டுப் படித்தாள். ‘நாளை’ என்னுமிடத்தில் தடுமாறி நின்றாள்.

“அப்பா, இது என்ன எழுத்து?”

சொன்னேன். தொடர்ந்து படித்தாள். அடியிலிருந்த கையொப்பத்தில் அவள் தடுமாறவில்லை. தாத்தாவின் பெயர் அவளுக்குத் தெரியுமே.