அண்டை வீட்டுக் கும்போ

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ‘கும்போ’ என்றொரு குழம்பு உண்டு. அதனை வீட்டில் பலமுறை சமைத்துப் பலமுறையும் தோற்றோம். பின்னர் ஒருநாள் அது நமக்குக் கைகூடிற்று. அதுவரை தோற்றதற்குக் கைப்பக்குவக் குறை மட்டும் காரணமன்று என்பதை அன்றுதான் உணர்ந்தோம். உணர்ந்ததை மறைக்காமல் சொல்லிவிடலாம் என்றே இதனை எழுதுகிறோம்.

2009-ஆம் ஆண்டின் இறுதியில், பணி நிமித்தமாக லூசியானாவின் தலைநகராகிய பேட்டன் ரூஜில் குடியேறினோம். மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த நகரம் அது. அடுத்த வீட்டில் ஆப்பிரிக்க அமெரிக்கரான ஒரு மூதாட்டி தனியே வாழ்ந்துவந்தார். நாம் பெட்டிகளை இறக்கி வைத்த இரண்டாம் வாரம், குளிர் தொடங்கிய ஒரு மாலையில், மூடியிட்ட பாத்திரம் ஒன்றை இரு கைகளாலும் ஏந்தியபடி வாயிலில் வந்து நின்றார். ‘குளிர் வந்துவிட்டது, எங்கள் ஊரில் குளிர் வந்தால் கும்போ’ என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மூடியைத் திறந்தபோது எழுந்த மணம் இன்றும் நினைவில் நிற்கிறது. கரும்பழுப்பு நிறக் குழம்பு. அதில் இறாலும் கோழித் துண்டுகளும் மிதந்தன. அவற்றுக்கிடையே வட்ட வட்டமாக நறுக்கிய புகையூட்டிய இறைச்சித் துண்டுகளும் இருந்தன. அது ‘ஆண்டூயி’ எனப்படும் பன்றியிறைச்சிச் சாசேஜ் என்பதைக் கேட்டறிய வேண்டியிருக்கவில்லை. அன்றிரவு அந்தக் கும்போ முழுவதையும் குப்பையில் கொட்டினோம்.

அதோடு விட்டிருந்தால் இக்கதையே இல்லை. அண்டை வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது நம்மவர் வழக்கமன்று. எம் துணைவியார் அதனைத் தேய்த்துக் கழுவி, அது நிறைய வடை சுட்டு வைத்தார். நாம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்து, ‘கும்போ மிக அருமையாக இருந்தது’ என்றோம். அம்முதிய முகம் மலர்ந்ததைக் கண்டபின் உண்மையைச் சொல்ல நாவெழவில்லை. அடுத்த குளிர்காலத்திலும் பாத்திரம் வந்தது. அதற்கடுத்த ஆண்டும் வந்தது. ஏழு குளிர்காலங்கள் வாங்கினோம். ஏழு குளிர்காலங்களும் கொட்டினோம். ஏழு முறையும் புகழ்ந்தோம். இடையில் எம் பிள்ளைகள் அவரை ‘நன்னி’ என்றே அழைக்கத் தொடங்கியிருந்தனர்.

கும்போவை நாமே சமைக்க முனைந்ததும் பிள்ளைகளால்தான். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் தத்தம் வீட்டுக் கும்போவைப் பற்றிப் பேசினர். எம் மகனுக்கு மட்டும் சொல்ல ஒன்றுமில்லை. வியப்பதற்கில்லை. 2004-ஆம் ஆண்டில் லூசியானா மாநிலம் கும்போவைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்துவிட்டது. அந்த மண்ணில் அது ஓர் அடையாளம்.

அதன் வரலாறும் வெறும் சமையல் வரலாறு அன்று. கும்போ என்னும் சொல்லே ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் வெண்டைக்காயைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. 1719-ஆம் ஆண்டு முதல் பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றி லூசியானாவில் இறக்கினர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அவ்வாறு வந்தவர்களில் பெரும்பகுதியினர் செனகல், காம்பியா ஆறுகள் பாயும் செனகாம்பியப் பகுதியினர். நெல் விளைவிக்கத் தெரிந்த மக்களும், தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்களாக வாழ்ந்த மக்களும் அவர்களில் இருந்தனர். எண்ணெயில் மாவை வறுக்கும் ‘ரூ’ என்னும் முறை பிரான்சிலிருந்து வந்தது. சசஃப்ராஸ் மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்த ‘ஃபீலே’ தூளை அம்மண்ணின் பழங்குடியினரான சோக்டா மக்கள் வழங்கினர். எங்கெங்கிருந்தோ வந்தவையெல்லாம் ஒரே சட்டியில் கூடிக் கும்போ ஆயிற்று.

இத்தனை கைகள் கூடிச் சமைத்ததை நாம் ஒரு புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்த்தோம். மாவை எண்ணெயில் இட்டு, அது சற்றே பொன்னிறமானதும், கருகிவிடுமோ என்றஞ்சி நீரை ஊற்றினோம். வெண்டைக்காயைப் பச்சையாகவே அதில் போட்டோம். குழம்பு கொழகொழவென்று நூல் விட்டது. இறாலின் ஓட்டை உரித்து எறிந்துவிட்டு, இறாலை முதலிலேயே இட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டோம். அது ரப்பர்போல் ஆனது. சுவை இல்லையே என்று மறுமுறை மசாலாத் தூள் சேர்த்தோம், அதற்கடுத்த முறை புளி, பின்னர் தேங்காய்ப்பால். ஒவ்வொரு முறையும் உண்ணத்தக்க ஏதோ ஒரு குழம்பு கிடைத்தது, கும்போ கிடைக்கவில்லை. ‘பன்றியிறைச்சி இல்லாமல் இதற்குச் சுவை வராது போலும்’ என்று நமக்கு நாமே தீர்ப்பும் சொல்லிக்கொண்டோம். நம் குறையை ஏற்பதைவிட அத்தீர்ப்பு நமக்கு எளிதாக இருந்தது.

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பேட்டன் ரூஜைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. பெயர் சூட்டப்பட்ட புயல் எதுவும் அன்று. நகராமல் நின்று பெய்த மழை. சில இடங்களில் மூன்று நாட்களுக்குள் 20 அங்குலத்துக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அமீட், கோமீட் ஆறுகள் கரை கடந்தன. பல்லாயிரம் வீடுகள் நீரில் மூழ்கின. எம் வீடு சற்று மேட்டில் இருந்ததால் வாயிற்படியோடு தப்பியது. நன்னியின் வீட்டினுள் இடுப்பளவு நீர் நின்றது. அவரை எம் இல்லத்துக்கு அழைத்து வந்தோம். ஐந்து வாரங்கள் எம்முடன் இருந்தார். நீர் வடிந்தபின் அவ்வீட்டின் சேற்றிலிருந்து மீட்டெடுத்த பொருள்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, அவருடைய தாயார் வைத்திருந்த கனத்த வார்ப்பிரும்புச் சட்டி. துரு ஏறி, செம்மண் உருண்டைபோல் கிடந்தது.

ஒருநாள் இரவு, அவர் மனம் ஆறட்டும் என்று எண்ணி, நாம் அறிந்தபடி கும்போ சமைத்து அவர்முன் வைத்தோம். மூன்று கரண்டி உண்டார். பிறகு சிரித்துக்கொண்டே, ‘நல்ல சாப்பாடு, பிள்ளைகளே. ஆனால் கும்போ எங்கே?’ என்றார். எல்லாரும் சிரித்தோம். அந்தத் துணிவில், ‘இதனை எப்படிச் சீர்செய்வது?’ என்று கேட்டோம். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ‘ஏழு ஆண்டுகளாக என் கும்போவைச் சாப்பிட்டிருக்கிறீர்களே! அதில் இருப்பது எது, இதில் இல்லாதது எது? நீங்களே சொல்லுங்கள்’ என்றார்.

நம்மால் விடை சொல்ல முடியவில்லை. எட்டு வயதான எம் மகள்தான் பேசினாள்: ‘நாங்கள் அதைச் சாப்பிட்டதே இல்லையே, நன்னி.’

சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் தலைகுனிந்து காரணத்தைச் சொன்னோம். நம் மார்க்கத்தில் விலக்கப்பட்ட இறைச்சி என்பதையும், அவர் மனம் புண்படக் கூடாது என்றே மறைத்தோம் என்பதையும் சொன்னோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ‘முதல் ஆண்டே சொல்லியிருந்தால் இறால் கும்போ வைத்திருப்பேனே? அதற்குப் பாதி வேலைகூட இல்லை.’ பின்னர், ‘கொட்டியதற்காக வருந்தவில்லை. என் அம்மா ஒரு சட்டிக் கும்போவில் பதினொரு பேரின் பசியாற்றியவள். நான் யாருக்குச் சமைக்கிறேன் என்பதே தெரியாமல் ஏழாண்டுகள் சமைத்திருக்கிறேனே, அதற்குத்தான் வருந்துகிறேன்’ என்றார். எழுந்து தம் அறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிரவு எம்மில் எவருக்கும் உறக்கமில்லை. மனம் புண்படக் கூடாது என்று காத்ததெல்லாம் அவருடைய மனத்தை அன்று, நம் கூச்சத்தைத்தான். அவர் நம்மை அறிந்துகொள்ளும் வழியை நாமே அடைத்துவைத்திருந்தோம்.

விடிந்து அடுக்களைக்குச் சென்றபோது நன்னி அங்கே நின்றிருந்தார். கையில் அந்தத் துருவேறிய சட்டி. ‘இதைத் தேயுங்கள்’ என்றார். கம்பி நாரால் இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். கழுவித் துடைத்து, மெல்ல எண்ணெய் பூசி, அடுப்புப் பெட்டியினுள் ஒரு மணி நேரம் சூடேற்றினோம். ஆறியதும் மீண்டும் பூசி மீண்டும் சூடேற்றினோம். மூன்றாம் முறை சட்டி தன் கருமையைத் திரும்பப் பெற்றது. அதன்பின் பாடம் தொடங்கிற்று.

முதற்பாடம் ரூ. ஒரு கோப்பை எண்ணெய்க்கு ஒரு கோப்பை மைதா. மிதமான தீ. தட்டையான மரக்கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டியபடி கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். வெண்மை மாறிப் பொன்னிறமாகும். பின்னர் வேர்க்கடலை நிறம். பின்னர் செங்கல் நிறம். இறுதியில் சாக்லேட்டின் நிறம். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாம் வழக்கமாக நிறுத்தும் கட்டம் வந்ததும் கை தானாக நீரை நாடியது; நன்னி அக்கையைப் பற்றித் தடுத்தார். நிறம் கருக்கக் கருக்க மாவின் மாச்சத்து சிதைந்து, குழம்பைக் கெட்டியாக்கும் ஆற்றல் குறைகிறது, சுவையோ ஏறுகிறது. இத்தனை ஆண்டுகள் நாம் தேடிய சுவை ஆண்டூயியில் மட்டும் இல்லை. அதில் பெரும்பங்கு நாம் அஞ்சி அஞ்சிப் பாதியில் விட்ட அந்த மாவில் இருந்தது. கரும்புள்ளி ஒன்று தோன்றினாலும் கருகிற்று என்று பொருள். கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும். மசாலாத் தூளால் அதை மறைக்க இயலாது.

நிறம் கூடியதும் நறுக்கிய வெங்காயம், செலரித் தண்டு, குடைமிளகாய் மூன்றையும் அதில் கொட்டினோம். சூடு தணிந்து, ரூ மேலும் கருகாமல் நின்றது. வேறொரு வாயகன்ற வாணலியில் வெண்டைக்காயை நூல் அறும்வரை வதக்கினோம். எம் துணைவியார் தம்மையே கடிந்துகொண்டார். புளிக்குழம்புக்கு வெண்டைக்காயை முதலில் வதக்கவேண்டும் என்று அவருடைய உம்மா சிறுவயதிலேயே கற்றுத் தந்திருந்தார். இறாலின் தலையையும் ஓட்டையும் அரைமணி நேரம் கொதிக்கவைத்து வடித்த சாறே குழம்புக்கு நீராயிற்று. ஹலால் கோழியை வீட்டுக் கொல்லையில் பீக்கன் மர விறகின் புகையில் வாட்டி எடுத்துச் சேர்த்தோம்; புகை மணத்துக்கு அது போதுமானதாக இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதித்தபின், அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன்னரே இறால். தனியே வடித்த வெண்சோறு கிண்ணத்தில், அதன்மேல் கும்போ. வெண்டைக்காய் இல்லாத குளிர்காலத்தில் ஃபீலே தூளைப் பயன்படுத்தலாம் என்றும், இறக்கியபின்பே அதைத் தூவவேண்டும், கொதிக்கவிட்டால் நூல் விடும் என்றும் நன்னி சொல்லித் தந்தார்.

அன்று நன்னி இரண்டு கிண்ணம் உண்டார். அவருடைய கும்போவை நாம் முதன்முதலாகச் சுவைத்ததும் அன்றுதான். ‘எப்படி இருக்கிறது?’ என்று அவர் கேட்டபோது நம்மிடம் சொல்வதற்கு ஒரு விடை இருந்தது. முன்னர் ஏழு முறை சொன்ன அதே சொற்கள்தாம். ஆனால் எட்டாம் முறைதான் அவை மெய்யாயின.

அவர் பின்னர் ஹூஸ்டனில் உள்ள தம் மகள் வீட்டுக்குச் சென்றுவிட்டார். சட்டியை எம்மிடமே விட்டுச் சென்றார். அண்டை வீட்டுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், கும்போ கொண்டுபோகுமுன் அவர்கள் உண்ணாதது எது என்று கேட்கிறோம். நாம் உண்ணாதது எது என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறோம். அதனால் இதுவரை எவர் முகமும் சுருங்கியதில்லை.

ஒவ்வோர் ஆண்டும் முதற்குளிர் இறங்கும் நாளில் ஹூஸ்டனிலிருந்து தொலைபேசி ஒலிக்கும். நலம் விசாரிக்குமுன்பே, ‘ரூ இப்போது என்ன நிறம்?’ என்பார். உள்ளது உள்ளபடியே சொல்கிறோம். ‘இன்னும் சற்றுக் கிளறுங்கள்’ என்பார். கிளறுகிறோம்.