தொட்டால்நாறி

மொழிபெயர்ப்புத் தாளுக்கான பயிற்சிக் கட்டுரைகளைத் திருத்திக்கொண்டிருந்த ஓரிரவில் ஒரு சொல்லருகே வந்து நின்றுவிட்டேன். 'கஸ்தூரி ஆமை' என்று எழுதியிருந்தாள் மாணவி. 'மஸ்க் டர்ட்டில்' என்னும் வட அமெரிக்க நன்னீர் ஆமையைப் பற்றிய ஆங்கிலப் பத்தி ஒன்றைத் தமிழாக்கக் கொடுத்திருந்தேன். அகராதியில் 'மஸ்க்' என்றால் கஸ்தூரிதான். ஆனால் கஸ்தூரி என்றதும் தமிழ்க் காதுக்குச் சந்தனமும் சவ்வாதும் நினைவுக்கு வரும். அந்த ஆமையோ அங்கே 'ஸ்டிங்க்பாட்', அதாவது நாற்றச் சட்டி என்றும் அழைக்கப்படுவது. சிவப்பு மையால் அடித்துவிட்டு 'நாற்ற ஆமை' என்று எழுதினேன். சரியாகத் திருத்திவிட்ட நிறைவோடு உறங்கியும் போனேன்.

அந்த ஆமையைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். கனடாவின் தென்பகுதி தொடங்கி ஃபுளோரிடா, டெக்சாஸ் வரை, ஓட்டம் குறைந்த நீர்நிலைகளில் வாழும் சிற்றுயிர் அது. ஓட்டின் நீளம் பெரும்பாலும் 14 செ.மீ.க்குள் அடங்கிவிடும். தலையின் ஒவ்வொரு புறமும் இரண்டு மஞ்சள் கோடுகள். மோவாயில் மீசைபோல் சிறு தசை நீட்சிகள். நீந்துவதைவிட நீரின் அடித்தரையில் நடப்பதையே அது விரும்பும். நத்தை, பூச்சி, செத்த மீன் என்று கிடைத்ததைத் தின்னும். நாக்கில் உள்ள நுண்முகிழ்களின் வழியே நீரிலிருந்தே ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ள அதற்கு இயலும் என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதனால் நெடுநேரம் மேலே வராமலே இருந்துவிடுகிறது.

அதன் குறை ஒன்று உண்டு. அடிப்பக்க ஓடு மிகச் சிறியது. வள்ளுவர் புலனடக்கத்துக்கு உவமை சொன்ன ஆமையைப்போல் உறுப்புகளை முழுக்க உள்ளே இழுத்துக் காத்துக்கொள்ள அதனால் முடியாது. நம் குளங்களில் வாழும் பாலாமைக்கு ஓட்டின் பின்புறம் இரு தசை மடல்கள் உண்டு. பின்னங்கால்களை உள்ளிழுத்ததும் அவை கதவுபோல் மூடிக்கொள்ளும். அந்த வசதியும் இதற்கில்லை. எனவே எவரேனும் பிடித்துத் தூக்கினால், மேலோட்டின் விளிம்பை ஒட்டியுள்ள சுரப்பிகளிலிருந்து துர்நாற்றமுள்ள நீர்மத்தைக் கசியவிடுகிறது. கூடவே கழுத்தை நீட்டிக் கடிக்கவும் பார்க்கும். விட்டுவிட்டால் நீரடிக்குப் போய்விடும்.

விடைத்தாளை வாங்கிய மாணவி என் திருத்தத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் மேசையருகே வந்தாள்.

"அந்தப் பேரு வேணாம் ஐயா."

"ஏம்மா? பொருள் சரியாத்தானே இருக்கு?"

"இல்லீங்க ஐயா. அது எப்பவுமே நாறிக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு. புடிச்சாத்தானே நாறும்?"

பிறகு, ஆமையை விட்டுவிட்டு, வேறொன்றைச் சொன்னாள். பகுதிநேர வேலை ஒன்றுக்கான நேர்காணலில் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். எம்.கே.பி. நகர் என்றிருக்கிறாள். எதிரே இருந்தவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே மூக்கைத் தொட்டுக் காட்டினாராம். அதன்பிறகு விண்ணப்பங்களில் புரசைவாக்கத்து அத்தை வீட்டு முகவரியைத்தான் எழுதுகிறாள்.

நான் வாயடைத்துப் போனேன். ஏனெனில் நானும் அதே நகரில்தான் குடியிருக்கிறேன். யாரேனும் கேட்டால் பல ஆண்டுகளாக 'பெரம்பூர்ப் பக்கம்' என்றே சொல்லி வருகிறேன்.

எங்கள் பகுதியில் நாற்றம் இல்லை என்று நான் வாதிட வரவில்லை. காற்று திரும்பும் இரவுகளில் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கு வீட்டுக்குள் வந்துவிடும். முந்நூறு ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் அந்த மேட்டில் இருப்பது நாங்கள் மட்டும் போட்ட குப்பை அன்று. மாநகரின் பல மண்டலங்கள் பல பத்தாண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டியது. கேப்டன் காட்டன் கால்வாய் தானாகக் கறுத்துவிடவில்லை. 2023 டிசம்பரில், புயல் மழையோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வீடுகளை விட்டு ஓடினார்கள். இவையெல்லாம் வடசென்னையின் இயல்பா, வடசென்னைக்கு நேர்ந்ததா?

நிற்க. நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் இழிபொருளில் மட்டும் வழங்கியதன்று. கண்ணனின் வாய் மணத்தைச் சங்கிடம் விசாரிக்கும் ஆண்டாள் கையாள்வது 'நாறு' என்னும் வினையைத்தான். அகநானூற்றின் 160-ஆம் பாட்டிலும் அதே வினை வருகிறது, ஆமை முட்டையின் புலால் வாடைக்கு. குமிழி ஞாழலார் நப்பசலையார் பாடிய அப்பாட்டில், சூல் முதிர்ந்த ஆமை அடும்பங்கொடி சிதைய மணல்மேட்டில் முட்டையிட்டுப் புதைக்கிறது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் காக்கிறது என்கிறார். இன்றைய உயிரியல் இதை ஒப்பாது. கடலாமைகளில் தாயும் தந்தையும் முட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் முட்டையின் உருண்டை வடிவத்துக்குத் தந்த வட்டை உவமையாக்கிய அதே மூச்சில் அதன் வாடையையும் சொல்கிறார். அருவருப்பு இல்லை. உயிருள்ள ஒன்றின் மணம் அது, அவ்வளவே.

அந்த முட்டையின் வழிவந்தவை இன்றும் நம் கரைக்கு வருகின்றன. பங்குனியாமைகள் என்று இப்போது அழைக்கிறோம். ஆனால் 2025 ஜனவரியில் சென்னையையும் அதை ஒட்டிய கரைகளையும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை வந்தடைந்தது பிணங்களாக. கடலாமைக்கும் நம்மைப்போல் நுரையீரல்தான். இழுவலையில் சிக்கி மேலே வந்து மூச்செடுக்க முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். ஓட்டுக்குள் ஒடுங்கவும் அதனால் இயலாது. கரையில் அழுகிய அந்த உடல்களின் வாடையைக் கடந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த வாடை ஆமையின் குணத்தைச் சொல்லவில்லை. ஆமைக்குச் செய்யப்பட்டதைச் சொல்லியது.

அடுத்த வாரம் மாணவி தாளைத் திரும்பக் கொண்டுவந்தாள். என் சிவப்பு எழுத்தின் கீழே, தொட்டாற்சிணுங்கியை நினைத்தோ என்னவோ, 'தொட்டால்நாறி ஆமை' என்று எழுதியிருந்தாள். அகராதிகளில் இல்லாத சொல். நான் படித்த எம்.ஏ. எனக்குத் தராத சொல். முழு மதிப்பெண் போட்டேன்.

சென்ற மாதம் ஒரு கருத்தரங்கில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் வீடு எங்கே என்று கேட்டார். பழக்கத்தால் 'பெரம்பூர்' நாக்கின் நுனிவரை வந்தது. "எம்.கே.பி. நகர்" என்றேன். "அப்படியென்றால்?" என்றார். "மகாகவி பாரதி நகர்" என்றேன். அந்த மூன்று எழுத்துக்குள் பாரதி ஒடுங்கிக் கிடப்பதை நானே அவ்வளவு உரக்கச் சொன்னது அன்றுதான் முதல்முறை.

மாணவி இப்போது எந்த முகவரியை எழுதுகிறாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இன்னும் வந்துவிடவில்லை.