டோனாவூரின் நோயறை

உபத்திரவம் விசுவாசியை வளர்க்கும் என்று நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். உபத்திரவம் பொறுமையையும், பொறுமை நம்பிக்கையையும் பிறப்பிக்கும் வழியை ரோமர் நிருபத்தில் பவுல் காட்டுவது மெய்தான். ஆனால் அந்த வழியில் எல்லோரும் போய்ச் சேர்வதில்லை. வலி எத்தனையோ பேரைக் கசப்பில் தள்ளியிருக்கிறது. தன் நோயைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாதபடி குறுக்கியிருக்கிறது. ஆகவே வளர்ச்சியின் வேரை வலியில் தேட எனக்கு மனம் ஒப்பவில்லை. வலியின் நடுவிலும் அடுத்தவரை மறவாத மனத்தைக் கிருபை காத்துக்கொடுக்கிறதே, அங்கேதான் அந்த வேர் இருக்கிறது.

ஏமி கார்மைக்கேலின் கடைசிக் காலம் எனக்கு இதைத் தெளிவாக்குகிறது. அயர்லாந்தில் 1867இல் பிறந்த அவர், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்தவர். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை அவர் வாழ்வு பெரும்பாலும் படுக்கையில்தான். ஓயாமல் அலைந்து உழைத்தவருக்கு அது எவ்வளவு கனத்த சிறை! அந்த நோயறையிலிருந்து நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. அவற்றுள் 1933இல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' நோயாளிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களால் ஆனது. உடல்நலத்தோடு இருப்பவர்கள் எழுதும் ஆறுதல் நூல்கள் நோயாளியின் மனத்தை எட்டுவதில்லை என்பதை அவர் படுக்கையில் உணர்ந்தார். அதனாலேயே நோயாளியாக இருந்தே நோயாளிகளுக்கு எழுதினார். தான் பெற்ற ஆறுதலால் பிறரைத் தேற்றுவதைப் பற்றிக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதன் பொருள் இங்கே கண்கூடு.

அப்படியானால் விழுந்ததுதான் அவரை வளர்த்தது என்று சொல்லலாமே என்பார்கள். ஆனால் பிள்ளைகளுக்காகத் தன்னையே மறந்த பழக்கம், அந்த விபத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே அவரிடம் வேரூன்றியிருந்தது. படுக்கை அதைச் சோதித்தது, ஆழப்படுத்தியது, உண்டாக்கவில்லை. தேவன் அனுப்பிய பாடுகளை நீக்கக் கேட்பது அவிசுவாசம் அல்லவா என்றும் சிலர் கேட்பதுண்டு. கெத்செமனேயில் இயேசுவே பாத்திரம் நீங்கும்படி ஜெபித்தார். தன் மாம்சத்திலிருந்த முள் அகலும்படி பவுல் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். வியாதி உனக்கு நல்லது, வைத்துக்கொள் என்று இயேசு எவரையும் திருப்பி அனுப்பியதாகச் சுவிசேஷங்களில் இல்லை. தன் பாடு தன்னை வளர்த்தது என்று பாடுபட்டவர் சொன்னால் வணங்கிக் கேட்கலாம். அதையே வலியில் துடிப்பவரிடம் பக்கத்தில் நிற்பவர் சொல்வது கொடுமை. தன் வலியை ஏற்றுக்கொண்ட ஏமியும் பிறர் வலியை அப்படியே விட்டுவிடவில்லை. அவர் காலத்திலேயே டோனாவூரில் மருத்துவமனை எழுந்தது.