கிரவுன் ஆயில் கடைசியா எப்ப மாத்துனீங்க?

வண்டி வச்சிருக்கிற யாரை வேணும்னாலும் நிறுத்திக் கேளுங்க, என்ஜின் ஆயில் எப்ப மாத்தினோம்னு டக்குனு சொல்லிடுவாங்க. சிலர் தேதி, கிலோமீட்டர் எல்லாம் சேர்த்தே சொல்லுவாங்க. மெக்கானிக் ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டியிருப்பாரு இல்லையா. "கியர் பாக்ஸ் ஆயில்?"னு அடுத்த கேள்வி கேட்டா கொஞ்சம் யோசிப்பாங்க. "சரி, கிரவுன் ஆயில்?"னு கேட்டா... பேச்சு அப்படியே கிரிக்கெட் பக்கம் போயிடும் :-)

தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர் பக்கம் காலையில 5 மணிக்கு ரோட்டுல நின்னு பார்த்தீங்கன்னா தெரியும், இந்த ஏரியாவுக்கு சாப்பாடு போடுறதே சின்ன லோடு வண்டிங்கதான். 2005-ல டாடா ஏஸ் வந்துச்சு, நம்ம ஊர்ல அதுக்கு குட்டி யானைன்னே பேர் வச்சுட்டாங்க. 2011-ல ஓசூர்லேர்ந்து அசோக் லேலண்டு தோஸ்த் வந்துச்சு. கூடவே பொலேரோ பிக்கப். கோயம்பேடு காய்கறி, தண்ணி கேன், ஷாமியானா, வீடு காலி பண்ற சாமான் எல்லாம் இதுங்க முதுகுலதான். மூணுக்கும் ஒரு ஒத்துமை இருக்கு. வண்டியைத் தள்ளுறது பின்சக்கரம். அதனால கியர் பாக்ஸ் தனியா முன்னாடி, கிரவுன் தனியா பின் ஆக்ஸில்ல. நடுவுல நீளமா ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட். ரெண்டு இடத்துக்கும் ரெண்டு தனித்தனி ஆயில். நிறைய கார்ல மாதிரி எல்லாம் ஒரே டப்பாக்குள்ள கிடையாது.

கிரவுன் என்ன பண்ணுதுன்னு ரெண்டு வரியில சொல்லிடுறேன். நீளவாக்குல சுத்திட்டு வர்ற ஷாஃப்ட்டோட வேகத்தைக் குறைச்சு, இழுவையைக் கூட்டி, 90 டிகிரி திருப்பி சக்கரத்துக்குக் கொடுக்குது. வளைவுல உள்பக்க சக்கரம் மெதுவாவும் வெளிப்பக்க சக்கரம் வேகமாவும் சுத்தணும் இல்லையா, அதையும் அதுக்குள்ள இருக்கிற சின்ன பல் சக்கரங்கள்தான் பார்த்துக்குது. நிறைய வண்டியில இந்த கிரவுன்-பினியன் பல்லுக்கு ஹைப்பாய்டுன்னு பேரு. பினியன், கிரவுனோட நடு மையத்துக்கு நேரா இல்லாம கொஞ்சம் தள்ளி இருக்கும். 1926-ல அமெரிக்காவுல பேக்கார்டு கார்ல இதை முதல்ல கொண்டுவந்தாங்க. சத்தம் குறையும், ஷாஃப்ட்டையும் கீழே இறக்கிக்கலாம். ஆனா ஒரு சிக்கல். பல்லோட பல் உருண்டு போறதோட, அழுத்திக்கிட்டே வழுக்கியும் போகும். ஒரு டன் லோடை ஏத்திக்கிட்டு வண்டி மேம்பாலம் ஏறும்போது அந்த ரெண்டு பல்லுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு மெல்லிசு எண்ணெய்ப் படலம் மட்டும்தான். அந்தப் படலம் கிழிஞ்சாலும் பல்லைக் காப்பாத்தணும்னுதான் கியர் ஆயில்ல கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த மருந்து சேர்க்கிறாங்க. மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற நாத்தம் வருதே, அது இந்த கந்தகம்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். என்ஜின் ஆயிலுக்கு ஃபில்டர் இருக்கு, அளவு பார்க்க கம்பி இருக்கு, பிரஷர் குறைஞ்சா எரியற சிவப்பு லைட் இருக்கு. இந்த மாதிரி வண்டியில கிரவுன் ஆயிலுக்கு இதுல ஒண்ணுகூட கிடையாது. உள்ள தேயற இரும்புத் தூள் உள்ளயேதான் சுத்தணும். குறைஞ்சாலும் தெரியாது, தண்ணி கலந்தாலும் தெரியாது. அது கருத்துப் போறது கண்ணுல படாததால மனசுலயும் படாது. அது என்ன நிலைமையில இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரே வழி, போல்ட்டைக் கழட்டி கீழே ஊத்திப் பார்க்கறதுதான்.

எங்க அக்கா வீட்டுக்காரர்கிட்ட 2012-ல வாங்கின பிக்கப் ஒண்ணு இருக்கு. (கம்பெனி பேர் எதுக்கு, எல்லா வண்டிக்கும் இதே கதைதான்.) முடிச்சூர்ல வீடு. ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி பைபாஸ்ல கோயம்பேடு போய் காய்கறி ஏத்திக்கிட்டு விடியறதுக்குள்ள திரும்பிடுவாரு. மீட்டர் 2,70,000 கிலோமீட்டரைத் தாண்டிடுச்சு. லோன் எப்பவோ அடைச்சாச்சு. பொண்ணு இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம். அந்த ஃபீஸ் இந்த வண்டி சக்கரத்துலேர்ந்துதான் வரணும்.

2024 ஆடி மாசம், வண்டி 50-ஐத் தாண்டினா பின்னாடியிலேர்ந்து 'கொய்ங்ங்'னு ஒரு ஊளை. ஒரு ஒர்க் ஷாப்ல காட்டியிருக்காரு. வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து, "கிரவுன் போயிடுச்சுண்ணே, செட்டோட மாத்தணும், 40,000 ஆகும், நாலு நாள் விடணும்"னு சொல்லிட்டாங்க. ஆயிலைத் திறந்துகூட பார்க்கலை. மாமா ஆடிப் போயிட்டாரு. வித்துடலாமான்னு ஒரு புரோக்கர்கிட்டயும் பேசிட்டாரு. அவன் கேட்ட விலை, இரும்புக்கடைக்காரன் கேக்கிற விலை.

ஃபோன்ல விஷயத்தைச் சொன்னப்போ நான் கேட்டது ஒரே கேள்விதான். "மாமா, மிக்ஜாம் மழைக்கு அப்புறம் கிரவுன் ஆயில் மாத்துனீங்களா?"

"என்ஜின் ஆயில், ஃபில்டர், பேட்டரி எல்லாம் மாத்தினேன் மாப்ள. கிரவுன்ல எதுக்கு? அது மூடித்தானே இருக்கு?"

இங்கதான் நம்ம ஏரியாவோட விசேஷம் வருது. 2015 டிசம்பர் 1-ம் தேதி மழையில தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. பதிவாச்சு. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மாடி வரைக்கும் ஜனங்க ஏறி நின்னது யாருக்கும் மறக்காது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம். அந்த மழையில மாமா வண்டி ஒரு நாள் முழுக்க சக்கரம் மூழ்க நின்னுச்சு. கிரவுன் மூடித்தான் இருக்கு, ஆனா அது மூச்சு விடும். ஆக்ஸில் மேல ப்ரீதர்னு ஒரு சின்னத் துளை. ஓடும்போது சூடாகி உள்ள இருக்கிற காத்து விரியும், அது வெளியே போக வழி வேணும்ல? சூடா இருக்கிற ஆக்ஸில் தண்ணிக்குள்ள இறங்கினா உல்டா. உள்ள இருக்கிற காத்து சட்டுனு சுருங்கும். ப்ரீதர் வழியாவோ, அது சேறு அடைச்சிருந்தா பழைய ஆயில் சீல் ஓரமாவோ, தண்ணியை உறிஞ்சிக்கும். ஸ்ட்ரா போட்டு ஜூஸ் குடிக்கிற மாதிரி.

அந்த ஞாயித்துக்கிழமை வேலை அவர் வீட்டு வாசல்லயே. முறை ரொம்ப சிம்பிள், ஆனா வரிசை முக்கியம்.

முதல்ல வண்டியை ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டிட்டு வரணும். சூடான ஆயில்தான் அடியில இருக்கிற கசடையும் சேர்த்து இழுத்துக்கிட்டு வரும். அப்புறம் மட்டமான தரையில நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வச்சு, ஆயில் ஊத்துற போல்ட்டை முதல்ல கழட்டணும். கீழ இருக்கிற வடிகட்டுற போல்ட் அப்புறம்தான். ஏன்னா 12 வருஷமா கழட்டாத போல்ட் துருப்பிடிச்சு ஒட்டியிருக்கலாம். மொத்த ஆயிலையும் வடிச்சுட்டு, திரும்ப ஊத்துற போல்ட் கழரலைன்னா வண்டி வாசல்லயேதான் நிக்கணும். மாமா வண்டியிலயும் அது லேசுல அசையலை. துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு அரை மணி நேரம் விட்டு, பானாவுக்கு ஒரு இரும்பு பைப் சொருகி ரெண்டு பேரும் தொங்கினோம். 'டக்'குனு ஒரு சத்தம். உடைஞ்சது போல்ட்டா, என் முதுகான்னு ஒரு நிமிஷம் சந்தேகம். நல்லவேளை, ரெண்டும் இல்ல, துருதான் விட்டுக்கொடுத்தது.

கீழ் போல்ட்டைத் திறந்ததும் முதல்ல வந்தது ஆயில் இல்லை. ஒரு டம்ளர் அளவுக்குத் துருத் தண்ணி. தண்ணி எண்ணெயை விடக் கனம், அதனால அடியில தங்கியிருந்து முதல்ல வெளிய வருது. அதுக்கப்புறம் வந்தது பால் கலந்த சுக்கு காபி கலர்ல ஒரு கொழகொழ. மாமா ஒண்ணும் பேசலை. ஏழு மாசமா இதை வச்சுதான் தினம் ராத்திரி கோயம்பேடு போயிட்டு வந்திருக்கோம்ங்கறது அவர் மூஞ்சியில தெரிஞ்சுது.

போல்ட் முனையில காந்தம் இருந்துச்சு. (எல்லா வண்டியிலயும் இருக்காது.) அதுல ஒட்டியிருக்கிறதைப் பார்க்கறதுதான் இந்த வேலையில முக்கியமான பாகம். விபூதியைக் குழைச்ச மாதிரி சாம்பல் கலர்ல மெழுகா இருந்தா பயப்பட வேண்டாம், அது வழக்கமான தேய்மானம். நகத்துல எடுத்துத் தேய்ச்சா நறநறன்னு துகள் இருந்தா யோசிக்கணும். பல் துண்டு மாதிரி ஏதாவது கிடந்தா வண்டியை ஓட்டவே கூடாது. எங்களுக்கு மெழுகு, கூடவே துருத் தூள். பல் துண்டு ஒண்ணும் இல்லை. அப்பதான் மாமா ஒரு டீ சொல்லுன்னாரு.

விலை குறைஞ்ச கியர் ஆயிலை முதல்ல ஊத்தி, லோடு இல்லாம மெதுவா வண்டலூர் வரைக்கும் போயிட்டு வந்து, அதையும் வடிச்சுட்டு, அப்புறம்தான் நல்ல ஆயில். தண்ணி குடிச்ச ஆக்ஸிலை ஒரு தடவையில சுத்தம் பண்ண முடியாது. ப்ரீதரையும் கழட்டிச் சுத்தம் பண்ணி மாட்டினோம்.

ஆயில் எதுன்னு மேனுவல்ல போட்டிருக்கும், அதை மட்டும் கேளுங்க. ஜி.எல்.4, ஜி.எல்.5னு டப்பாவுல எழுதியிருக்கிறது பெரும்பாலும் அந்த கந்தக மருந்து எவ்வளவு வீரியம்ங்கற கணக்கு. ஹைப்பாய்டு கிரவுனுக்கு ஜி.எல்.5 வேணும். ஆனா கியர் பாக்ஸுக்குள்ள பித்தளை வளையம் இருந்தா, சில ஜி.எல்.5 ஆயில் அதை மெதுவா அரிக்கும். அதனால அங்க பல கம்பெனிங்க ஜி.எல்.4 கேட்பாங்க. ரெண்டுக்கும் ஒரே டப்பாவை ஊத்திடலாம்னு யாராவது சொன்னா, மேனுவலைக் காட்டச் சொல்லுங்க. அப்புறம் 90ன்னு எழுதியிருக்கிறதைப் பார்த்து, என்ஜின் ஆயில் 40-ஐ விட ரெண்டு மடங்கு கெட்டின்னு நினைக்காதீங்க. அது வேற அளவுகோல். சூட்டுல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே பதம்தான்.

ஊத்தும்போது, பக்கவாட்டுத் துளையிலேர்ந்து ஆயில் வழிய ஆரம்பிச்சதும் நிறுத்திடணும். அதான் அளவு. கூட இருக்கட்டுமேன்னு ஊத்தினா சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள்ள போயிடும். லோடு வண்டியில பிரேக் ஷூல எண்ணெய் பட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

கியர் பாக்ஸ் ஆயிலையும் அன்னைக்கே மாத்தினோம். "பழைய வண்டியில கியர் ஆயிலை மாத்தினா ஸ்லிப் ஆயிடும், தொடாதே"னு பக்கத்து வீட்டு அண்ணன் எச்சரிச்சாரு. இந்தப் பயம் வந்தது ஆட்டோமேட்டிக் கியர் வண்டியிலேர்ந்து. அதுல கிளட்ச் தட்டுங்க ஆயில்லயே ஊறிக் கிடக்கும், தேய்ஞ்ச பழைய தட்டுக்குப் புது ஆயில் ஒத்துவராம போன கதைங்க உண்டு. நம்ம கையால போடற கியர்ல கிளட்ச் வெளிய, வறண்ட இடத்துல இருக்கு. சரியான ஆயிலை மாத்துறதால அது ஸ்லிப் ஆகாது.

சரி, ஊளை நின்னுச்சா? முழுசா இல்லை. பாதி குறைஞ்சுது. ஆனா இப்ப சத்தத்தைப் பிரிச்சுக் கேட்க முடிஞ்சுது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினாலோ விட்டாலோ மாறுற ஊளைன்னா பல்லைச் சந்தேகப்படணும். வளைவுல மட்டும் வந்தா நடுவுல இருக்கிற சின்ன பல் சக்கரம். அழுத்தினாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினா பேரிங். எங்களுக்கு இருந்தது மூணாவது. வேற ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டுபோய்ப் பிரிச்சாங்க. கிரவுன் பல் நல்லாவே இருக்கு, பினியன் பேரிங்தான் துருப்பிடிச்சுச் சொறசொறன்னு இருந்துச்சு. பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து 9,000-க்குள்ள முடிஞ்சுது. ரெண்டு நாள் வண்டி நின்னுச்சு. புரோக்கர் ஃபோனை மாமா எடுக்கவே இல்லை.

வடிச்ச ஆயிலை கால்வாயில ஊத்தாதீங்க. முடிச்சூர் கால்வாய் எங்க போய்ச் சேரும்னு 2015-ல எல்லாரும் பார்த்துட்டோம், அதே அடையாறுதான். கேன்ல பிடிச்சு வச்சு, வேஸ்ட் ஆயிலை முறையா எடுத்துப்போறவங்க இருக்கிற சர்வீஸ் சென்டர்ல கொடுத்துடலாம்.

ரெண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. ஆக்ஸில் முங்குற தண்ணியில வண்டி நின்னாலோ போனாலோ, கிலோமீட்டர் கணக்கு பார்க்காம கியர் பாக்ஸ், கிரவுன் ரெண்டு ஆயிலையும் திறந்து பாருங்க. யாராவது சத்தத்தை மட்டும் கேட்டுட்டு கிரவுன் போச்சுன்னு சொன்னா, பணத்தை எண்ணுறதுக்கு முன்னாடி அந்தக் கீழ் போல்ட்டைக் கழட்டச் சொல்லுங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடியே ப்ரீதரைச் சுத்தம் பண்ணி வச்சுட்டா இன்னும் நல்லது. அந்தத் துளை சுண்டு விரல் அளவுகூட இருக்காது.