இருட்டுக்கடை

திருவமுதுக்கென வேதசர்மர் உலர்த்திய நெல்லை மழைவெள்ளம் கொள்ளாவண்ணம் இறைவன் வேலியிட்டுக் காத்தமையின் இத்தலம் திருநெல்வேலியாயிற்று என்பது தலபுராணச் செய்தி. எளியான் ஒருவன் தேடிய பொருளைக் காத்ததே ஊர்ப்பெயராய் நின்றது.

அப்பெருமான் திருக்கோயிலெதிரே கீழரதவீதியில், 1900-ஆம் ஆண்டினையொட்டி, இராசபுதனத்துக் குடிவழியினரான கிருஷ்ணசிங் என்பார் அல்வாக்கடை வைத்தனர். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் கூட்டி, பதம் வருமளவும் கைஓயாது கிளறுதல் அத்தொழில். அதன் சுவை பொருநை நீரால் ஆயது என்பர் ஊரார். மாலைப்பொழுதிலே சிறிது நேரமே விற்பனை; பெயர்ப்பலகை இல்லை; மங்கிய விளக்கொன்றே ஒளி. ஆதலின் ஊராரே அதனை இருட்டுக்கடை என்றனர். அவர்க்குப்பின் பிஜிலிசிங் முதலிய குடும்பத்தாரும் அவ்வெளிமையையே பேணினர்.

பழையாறையினின்று திருநல்லூரிற் குடியேறிய வணிகராகிய அமர்நீதிநாயனார், அடியார் கோவணத்திற்கு ஈடாக மனைவி மைந்தரோடு தாமும் துலையேறினார். அத்தகு திருத்தொண்டு யாவர்க்கும் எய்துவதன்று. எனினும், வந்த ஊரின் நீரை நம்பி, மனைமக்கள் பொருட்டும் ஊரார் பொருட்டும் ஒரு தொழிலை வழுவாது செய்தலும் அந்நெறிக்கு அணித்தேயாம்.

சித்தாந்தம் இருளென்பது ஆணவத்தை. தம் பெயரை நாட்டாது ஊரிட்ட பெயரை ஏற்று நின்றார்க்கு, கடையில் இருளிருப்பினும் அகத்திருள் சிறிது நீங்கிற்றன்றோ?